காலித் தொட்டியும் சட்டத்தின் வாசலும்: பழைய கார்ப் பற்றவைப்பு குறித்த வரலாற்றுக் குறிப்பு

1948 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 37 ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. தீப்பற்றும் பொருள் இருக்கும் தொட்டியையோ முன்பு இருந்த தொட்டியையோ, அப்பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமல் அல்லது தீங்கற்றதாக்காமல் பற்றவைக்கவோ வெட்டவோ கூடாது என்று அது விதித்தது. உலோகம் போதிய அளவு குளிரும்வரை அப்பொருளை மீண்டும் உள்ளே விடுவதையும் தடுத்தது.

'முன்பு இருந்த' என்னும் சொற்களே இவ்விதியின் உயிர். எரிவது பெட்ரோல் அன்று. அதன் ஆவியே எரிகிறது. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி வெடிப்பை உண்டாக்கிவிடும். நிரம்பிய தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு. வடித்த தொட்டியிலோ மடிப்புகளிலும் துருவிலும் ஊறிய எச்சம் சூடேறி ஆவியாகிறது. உள்ளே காற்றும் இருக்கிறது. ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் அந்த எச்சம் போய்விடுவதில்லை. ஆகவே, 'காலி' என்று கண்ணுக்குத் தெரியும் தொட்டியே பெரும்பாலும் பேராபத்தானது.

இந்த அறிவு 1948 இலேயே சட்டமொழியில் ஏறிவிட்டது. ஆனால் அது யாரைக் காத்தது? மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேரும், மின்விசையற்ற இடத்தில் இருபது பேரும் வேலை செய்தால்தான் அது 'தொழிற்சாலை'. அதற்குக் குறைந்த இடங்களுக்கும் சட்டத்தை விரிக்க 85 ஆம் பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆயினும் உரிமையாளர் தம் குடும்பத்தார் துணையோடு மட்டும் நடத்தும் வேலையை அப்பிரிவே விலக்கிவைத்தது. வீட்டு முற்றம் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றது.

இந்தியாவில் பழைய கார்களின் உயிர் காக்கப்பட்டதோ பெரும்பாலும் அந்த வாசலுக்கு வெளியேதான். உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இடமளிக்க வேண்டும் என 1953 இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியேறின. புதிய கார் வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. வாங்கிய வண்டியை எறிய முடியாத சூழலில், துருவேறிய தரைத்தகட்டை வெட்டி எடுத்து ஒட்டுப்போடும் டிங்கரின் கை இன்றியமையாததாயிற்று. அம்பாசடர், ஃபியட் 1100 போன்ற வண்டிகளில் தனி அடிச்சட்டகம் கிடையாது. உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. அங்கு இடப்பட்ட ஒட்டு அழகுக்கானதன்று. வண்டியின் வலிமையே அதைச் சார்ந்திருந்தது.

அவர்கள் கையாண்ட நெருப்பு அசிட்டிலீன். 1836 இல் எட்மண்ட் டேவி கண்டறிந்த இவ்வாயு, 1892 இல் கால்சியம் கார்பைடை மலிவாக ஆக்கும் வழி அமைந்தபின் பரவியது. ஆக்சிஜனோடு சேர்ந்தால் அதன் சுடர் 3,100 பாகை செல்சியசை எட்டும். இவ்வாயுவைத் தனியே அழுத்தி அடைத்தால் தானே வெடிக்கும். அதனால் நுண்துளைப் பொருளில் ஊறிய அசிட்டோனில் கரைத்தே உருளையில் அடைக்கிறார்கள். அத்தகைய பொருள் ஒன்றை உருவாக்கிய சுவீடன் நாட்டுக் குஸ்தாஃப் டாலன், 1912 இல் உருளைகளைச் சோதிக்கையில் நேர்ந்த வெடிப்பில் பார்வை இழந்தார். கலங்கரை விளக்குகளின் தானியங்கிக் கருவிகளுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். அதைப் பெற்றுக்கொள்ளச் சென்றவர், கண் மருத்துவரான அவருடைய சகோதரர். அவ்வாயுவை நன்கறிந்தவருக்கே நேர்ந்தது இது. சாலையோரத்துக் கார்பைடு பீப்பாயின் அருகே நின்றவர்களுக்கு நேர்ந்தவற்றை எந்தப் பதிவேடும் முழுமையாகத் தாங்கவில்லை.

இன்று வீட்டு மின் இணைப்பிலேயே இயங்கும் சிறிய இன்வெர்ட்டர் கருவியோடு, பழைய காரை மீட்கும் ஆர்வலர் அதே வேலையைத் தாமே தொடங்குகிறார். நெருப்பு மாறியிருக்கிறது, ஆபத்து வேறு உருவம் கொண்டிருக்கிறது. மின்வில்லின் புற ஊதா ஒளி பட்ட கண், பல மணி நேரம் கழித்தே, பெரும்பாலும் இரவில், மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கும். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை அன்றிரவே குளிர்க்காய்ச்சலாக வெளிப்படும். பித்தளை வார்ப்பவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்த நோய் அது. குளோரின் கலந்த பிரேக் துப்புரவுத் திரவம் உலராத இடத்தில் வில்லை மூட்டினால், முதல் உலகப்போரில் ஆயுதமான பாஸ்ஜீன் வாயு உண்டாகக்கூடும். நுரையீரலில் நீர் கோத்த பிறகே சிலர் அதை உணர்கிறார்கள். தகட்டின் மறுபக்கத்து நுரைமெத்தையில் விழுந்த பொறி, வேலை முடிந்து கதவடைத்த பின்னரும் கனன்றுகொண்டிருக்கும்.

இவற்றுள் பலவற்றுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: காரணமும் விளைவும் ஒரே வேளையில் தோன்றுவதில்லை. எனவே அனுபவம் மட்டும் இங்கு ஆசானாக இயலாது. எழுதப்பட்ட விதி தேவைப்பட்டது இதனால்தான்.

ஆனால் விதிகளின் போக்கு வேறாக உள்ளது. 2020 இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு, தொழிற்சாலைக்கான எண்ணிக்கையை இருபது, நாற்பது என உயர்த்தியது. 2021 இல் வந்த மோட்டார் வாகன விதித்திருத்தம், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை வகுத்தது. அடிச்சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருக்கலாகாது என்பது அதன் நிபந்தனை. உடற்கூட்டின் தொன்மையைக் காக்க அரசுக்கு ஒரு சொல் கிடைத்தது; அதைப் பற்றவைக்கும் உடலைக் காக்க அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை.

தொழில் வரலாற்றை எழுதுவோர் ஆலைகளின் ஆவணங்களையே பெரிதும் நாடுகின்றனர். தொட்டியைக் கழற்றி, நீர் நிரப்பி, பற்றவைக்கும் இடத்தை மட்டும் மேலே விட்டு வேலை செய்த பட்டறைக்காரரின் அறிவும் ஓர் ஆவணமே. அது எழுதப்படாத வீட்டில், 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அறிந்திருந்த பாடத்தை ஒருவர் தம் கண்ணையும் கையையும் விலையாகக் கொடுத்துப் புதிதாகக் கற்க நேரிடுகிறது.