தானுந்துத் தோல் இருக்கை பராமரிப்பு

தானுந்துத் தோல் இருக்கை பராமரிப்பு என்பது தானுந்துகளில் பொருத்தப்படும், பதனிட்ட தோலால் ஆன இருக்கைகளைத் துப்புரவு செய்து, வெயில், ஈரம், வியர்வை, எண்ணெய், தூசு ஆகியவற்றால் அவை கெடாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும் அதன் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கிலும், சமவெளியின் கடும் வெயிலையும் மலைப்பகுதியின் ஈரத்தையும் ஒரே வண்டி ஒரே நாளில் சந்திக்க நேர்கிறது. ஆதலால் அங்கு இப்பராமரிப்பு தனிக் கவனம் வேண்டுவதாக உள்ளது.

இருக்கைத் தோலின் அமைப்பு

தோல் என்பது கொலாசன் என்னும் புரத இழைகள் பின்னிப் பிணைந்த ஒரு பொருளாகும். பச்சைத் தோல் எளிதில் அழுகும், காய்ந்தால் விறைத்துவிடும். பதனிடும்போது வேதிப்பொருட்கள் இழைகளோடு பிணைந்து, அழுகாத, வளையக்கூடிய தோல் கிடைக்கிறது. தானுந்து இருக்கைகளுக்குப் பெரும்பாலும் மாட்டுத் தோலே பயன்படுகிறது. இதன் தடிமன் பொதுவாக 1 மி.மீ. முதல் 1.4 மி.மீ. வரை இருக்கும்.

பெரும்பாலான தானுந்து இருக்கைகளில் தோலின் மேல் நிறமிப் பூச்சும், அதன் மேல் பாலியூரித்தேன் போன்ற நெகிழியால் ஆன மெல்லிய காப்புப் பூச்சும் இடப்படுகின்றன. எனவே அமர்பவரின் உடல் தொடுவது தோலை அன்று, இப்பூச்சையே ஆகும். இருக்கை பராமரிப்பின் பெரும்பகுதி இப்பூச்சைத் தேயாமலும் வெடிக்காமலும் காப்பதே. பூச்சின்றிச் சாயம் மட்டும் ஏற்றப்பட்ட தோல் சில உயர்விலை வண்டிகளில் காணப்படுகிறது. அது மென்மையானது, ஆனால் நீரையும் எண்ணெயையும் உடனே உறிஞ்சிக் கறைபடும்.

பதனிடும் முறைகள்

தமிழகத்தில் தோல் பதனிடுதல் தொன்றுதொட்டு ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு செய்யப்பட்டு வந்தது. இவற்றில் உள்ள டேனின் என்னும் துவர்ப்புப் பொருளே தோலைப் பதப்படுத்துகிறது. ஆவாரை, தேனி உள்ளிட்ட தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இயல்பாக வளரும் செடியாகும். தேனிக்கு அருகிலுள்ள திண்டுக்கல் நெடுங்காலமாகத் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். பழனி மலையிலும் நீலகிரியிலும் பட்டைக்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரங்கள் பயிரிடப்பட்டன. தாவரப் பொருட்களால் பதனிடப்பட்ட ‘கிழக்கிந்தியத் தோல்’ புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமிய உப்புகளால் பதனிடும் முறை பரவியது. இம்முறையில் பதனிட்ட தோல் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குவதால் இருக்கைகளுக்கு ஏற்றதாயிற்று. குரோமியம் இன்றி ஆல்டிகைடு வகைப் பொருட்களால் பதனிட்ட தோலும் தானுந்துத் துறையில் பயன்படுகிறது. தோல் ஆய்வுக்கென 1948 இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தோல் பதனிடும் தொழில் நீரையும் நிலத்தையும் மாசுபடுத்துவது நீண்டகாலச் சிக்கலாகும். வேலூர் வட்டாரத் தொழிற்சாலைகள் தொடர்பாக 1996 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு கழிவுநீர்ச் சுத்திகரிப்பை வலியுறுத்தியது. ஓர் இருக்கைத் தோல் நெடுநாள் உழைத்தால், அதற்கு மாற்றாக இன்னொரு தோலைப் பதனிடும் தேவை தள்ளிப்போகிறது.

தோலும் போலித்தோலும்

வழக்கில் ‘லெதர் சீட்’ எனப்படுபவை யாவும் தோலால் ஆனவை அல்ல. துணியின் மேல் வினைல் அல்லது பாலியூரித்தேன் பூசிய போலித்தோல், ரெக்சின் என்னும் பெயரில் பரவலாக விற்கப்படுகிறது. ஏலத்தோட்டத் தொழிலாளர்களைக் கம்பம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து கேரள மலைகளுக்கு ஏற்றிச்செல்லும் ஜீப்புகளின் இருக்கைகள் பெரும்பாலும் ரெக்சினால் ஆனவை. பல தானுந்துகளில் உடல் படும் பகுதி மட்டும் தோலாகவும், பக்கங்களும் பின்புறமும் போலித்தோலாகவும் இருக்கும்.

இவற்றை வேறுபடுத்தி அறிய, வெட்டு விளிம்பையோ உட்புறத்தையோ பார்க்கலாம். தோலில் ஒழுங்கற்ற நார்கள் தெரியும். போலித்தோலில் நெய்த அல்லது பின்னிய துணி தெரியும். நீர்த்துளி இட்டுப் பார்க்கும் முறை இதற்கு உதவாது. பூச்சுள்ள தோலும் போலித்தோலும் நீரை ஒன்றுபோலவே உறிஞ்சாமல் விடும். அத்துளி உள்ளிறங்கினால் அது பூச்சற்ற தோல் என்று மட்டுமே கொள்ளலாம்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குச் சூழல்

தேனி மாவட்டம் 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு, தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவுப் பகுதியாகும். சூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு அப்பால் கனமழை பெய்கையில், பள்ளத்தாக்கில் வலுவான காற்றும் தூசும் மிகும். பள்ளத்தாக்கின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கூடுதல் மழை பெறுகிறது.

கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குமுளி உள்ளது. போடிநாயக்கனூரிலிருந்து செல்லும் சாலை சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டை அடைகிறது. சமவெளியில் தூசு படிந்த இருக்கை, மலையில் நனைந்த உடைகளின் ஈரத்தைப் பெற்று, திரும்பியதும் வெயிலில் காய்கிறது.

கேட்டிற்கான காரணங்கள்

* வெப்பம்: வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் உட்புறம், ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பநிலையைவிட 20 பாகை செல்சியசு அளவுக்கு உயரக்கூடும். கருநிற இருக்கையின் மேற்பரப்பு அதனினும் சூடாகும். தோலிலுள்ள ஈரமும் கொழுப்பும் குறைந்து அது விறைக்கிறது.
* புறவூதாக் கதிர்கள்: முன்கண்ணாடி இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கும். சாதாரணப் பக்கக் கண்ணாடிகள் நெடிய அலைநீளப் புறவூதாக் கதிர்களை ஓரளவு விடுகின்றன. இதனால் நிறம் மங்கும்.
* தூசு: நுண்மணல் உப்புத்தாளைப் போல் பூச்சைத் தேய்க்கும். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கவிளிம்பே முதலில் வெடிப்பது இதனாலும் உராய்வினாலும் ஆகும்.
* வியர்வையும் தலை எண்ணெயும்: தலைசாய்ப்பானிலும் கைதாங்கியிலும் படியும் எண்ணெய் நாளடைவில் பூச்சை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும்.
* காரப் பொருட்கள்: தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. சலவைச் சோப்பு காரத்தன்மை உடையதாதலால் வெடிப்புகள், தையல் துளைகள் வழியே உட்புகுந்து இழைகளைக் கெடுக்கிறது.

துப்புரவு முறை

முதலில் மடிப்புகளிலும் தையல்களிலும் உள்ள தூசை உறிஞ்சு கருவியாலும் மென்மையான தூரிகையாலும் அகற்ற வேண்டும். தூசை அகற்றாமல் ஈரத்துணியால் துடைத்தால் மணல் பூச்சைக் கீறிவிடும். பின்னர், தோலுக்கென உள்ள நடுநிலையான அல்லது மென் அமிலத் துப்புரவு நீர்மத்தைத் துணியில் இட்டு, மறைவான ஓரிடத்தில் சோதிக்க வேண்டும். துணியில் நிறம் ஏறாவிடில் சிறு சிறு பகுதியாகத் துடைக்கலாம். நீர்மத்தை நேரடியாக இருக்கையில் ஊற்றலாகாது. அது தையல் வழியே நுரைப்பஞ்சினுள் இறங்கும். துளையிட்ட காற்றோட்ட இருக்கைகளில் இது மேலும் முக்கியமானது. இறுதியாகச் சற்று ஈரமான துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைத்து, நிழலில் கதவுகளைத் திறந்துவைத்து உலர விட வேண்டும்.

திராட்சைச் சாறு, தேநீர், வெற்றிலைச் சாறு போன்றவை சிந்திய உடனே ஒற்றி எடுக்கப்பட வேண்டும், தேய்த்தால் பரவும். நீலச் சாயமேறிய கால்சட்டைகளின் சாயம் வெளிர்நிற இருக்கைகளில் ஏறும். நாட்பட்டால் அது பூச்சினுள் கலந்து நீங்காது.

பூஞ்சணம்

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் தோலில் பூஞ்சணம் வளரும். மலையூர்களில் பல நாட்கள் மூடிக் கிடக்கும் வண்டிகளில் இது வெண்படலமாகத் தோன்றும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடைத்தெடுத்து, அத்துணியை அப்புறப்படுத்துவது நல்லது. எரிசாராயம் பூஞ்சணத்தைக் கொல்லுமெனினும் பூச்சையும் கரைக்கக்கூடும். ஈரமான தரைவிரிப்புகளை வெளியே எடுத்துக் காயவைக்காவிடில் பூஞ்சணம் மீண்டும் தோன்றும். குளிர்சாதனக் கருவி காற்றின் ஈரத்தைக் குறைப்பதால், மழைக்காலத்தில் அதை இயக்குவது தோலுக்கு நன்மை தரும்.

பாதுகாத்தல்

நிழலில் நிறுத்துதலும் முன்கண்ணாடிக்குத் திரையிடுதலும் செலவு குறைந்த பாதுகாப்பு முறைகளாகும். வாரம் ஒருமுறை தூசு அகற்றுதலும், சில மாதங்களுக்கு ஒருமுறை முழுத் துப்புரவும் பொதுவாகப் போதுமானவை.

தேங்காய் எண்ணெய் பூசினால் தோல் மென்மையாகும் என்னும் கருத்து மக்களிடையே உண்டு. பூச்சற்ற செருப்புத் தோலுக்குப் பொருந்தும் இவ்வழக்கம் தானுந்து இருக்கைக்குப் பொருந்தாது. நெகிழிப் பூச்சைக் கடந்து எண்ணெய் எளிதில் உள்ளே செல்வதில்லை. மேலே தங்கித் தூசைப் பிடிப்பதோடு சிக்கு நாற்றமும் உண்டாக்கும். செருப்பு மெருகு உடையில் ஒட்டும். மெருகூட்டும் சிலிக்கோன் நீர்மங்கள் இருக்கையை வழுக்கச் செய்யும். கடைகளில் கிடைக்கும் தோல் பாலாடைகளில் நீரில் கரைந்த மெல்லிய காப்புப் பொருள் கொண்டவற்றைக் குறைந்த அளவில் பூசித் துடைத்துவிடலாம்.

மேலுறைகளும் காற்றுப்பைகளும்

தோல் இருக்கையைக் காக்கும் பொருட்டு அதன் மேல் ரெக்சின் உறை மாட்டும் வழக்கம் உள்ளது. இவ்வுறைக்கும் தோலுக்கும் இடையே ஈரமும் மணலும் சிக்கிக்கொள்வதால் தோல் கண்ணுக்குத் தெரியாமல் கெடலாம். மேலும், பல வண்டிகளில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத் தையலுக்குள் அமைந்துள்ளது. விபத்தின்போது அத்தையல் பிரிந்தே காற்றுப்பை விரிய இயலும். அவ்விடத்தை இறுக மூடும் உறை உயிர்காக்கும் கருவியைத் தடுக்கக்கூடும். எனவே உறை மாட்டுவதற்கு முன் வண்டியின் கையேட்டைப் பார்ப்பது இன்றியமையாதது. ஓரத் தையல் பிரிந்தால் அதைச் சாதாரண நூலால் தைக்காமல், காற்றுப்பை அமைப்பை அறிந்தவரிடம் சரிசெய்வதே முறையாகும்.