அஜந்தாவில் அடித்த வார்னிஷ்

அப்பாவின் கேரம் போர்டு கும்பகோணத்திலிருந்து லாரி பார்சலில் புனே வந்து மூன்று மாதமாகிறது. நடு வட்டத்தில் சிவப்பு மங்கிவிட்டது. ஸ்டிரைக்கர் வைக்கிற கோடு ஒரு பக்கம் தேய்ந்துபோக, அப்பா இந்தியன் இங்க்கில் ஸ்கேல் வைத்துத் திரும்பப் போட்ட கோடு கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. ரவிவார் பேட்டை போஹ்ரி ஆளியில் ஒரு பெயிண்ட் கடைக்காரரைக் கேட்டேன். "உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு பி.யு. கோட்டிங் அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் சாப்" என்றார். பையனுக்கு ஏக சந்தோஷம். எனக்குத்தான் அஜந்தா ஞாபகம் வந்து தொலைத்தது.

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஷீரடி, எல்லோரா, அஜந்தா என்று ஒரு ரவுண்டு கூட்டிப்போவது இங்கே நம்மவர்கள் வழக்கம். குகைக்குள் நுழைந்ததும், "என்ன இது, இப்படி மஞ்சளடித்துக் கிடக்கிறது?" என்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆச்சே என்று நாமே சமாதானம் சொல்லிவிடுவோம். ஆனால் அந்த மஞ்சளில் ஒரு பங்குக்கு வயது நூறுதான். அது வார்னிஷ்.

1819 ஏப்ரலில் புலி வேட்டைக்குப் போன ஜான் ஸ்மித் என்ற சென்னை ராணுவ அதிகாரி கண்ணில் இந்தக் குகைகள் பட்டன. (பத்தாம் குகைத் தூணில் தன் பெயரைக் கீறிவிட்டும் போனார். நம்ம ஊர் காதலர்களுக்கு முன்னோடி!) 1844 முதல் ராபர்ட் கில் என்ற இன்னொரு சென்னை ராணுவ அதிகாரி பல வருஷம் உட்கார்ந்து ஓவியங்களைப் பிரதி எடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை 1866ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போயின. அடுத்து பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், 1872லிருந்து 1885 வரை, மாணவர்களோடு மறுபடி வரைந்தார். அந்தப் பிரதிகளிலும் பல 1885ல் லண்டனில் தீக்கிரையாயின. வரையும்போது நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று சுவரின் மேலேயே வார்னிஷ் தடவியதும் உண்டு. பிரதி சாம்பலாயிற்று, மூலத்தில் வார்னிஷ் மட்டும் மிச்சம்.

பிறகு நிஜாம் அரசு. அஜந்தா அப்போது ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்தது. 1920ல் இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு நிபுணர்களை வரவழைத்தார்கள். உரிந்து தொங்கிய காரையை ஒட்டவைத்து, ஓரங்களை அடைத்து, நிஜமாகவே நல்ல வேலை செய்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓவியத்தின் மேல் அவலரக்கைக் கரைத்துப் பூசினார்கள். அப்போது நிறங்கள் பளிச்சென்று எழுந்திருக்கும், சந்தேகமில்லை. வருஷம் போகப் போக அரக்கு மஞ்சளாகிப் பழுப்பாகியது. தூசியும் வௌவால் எச்சமும் அதோடு ஒட்டிக்கொண்டன. பழைய அரக்கு லேசில் கரையாது. தொல்லியல் துறை வேதியியலாளர்கள் கரைப்பானில் பஞ்சைத் தொட்டுத் தொட்டு அதை எடுக்கும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது.

இத்தாலியர்களைத் திட்டுவது சுலபம். தங்கள் ஊரில் தெரிந்த வைத்தியத்தைத்தான் செய்தார்கள். ஆனால் அஜந்தா சுவர் வேறு ஜாதி. மண்ணும் உமியும் நாரும் குழைத்த காரை, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு, அது காய்ந்த பிறகு பசையில் குழைத்த வர்ணம். 1930களில் இதையெல்லாம் பரிசோதித்தவர்களில் ஒருவர் நம்ம சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன். சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் ஆராய்ந்தவர். மண் காரை மழைக்கு ஈரத்தை வாங்கும், வெயிலுக்கு விடும். மேலே பூச்சு போட்டு மூடினால் ஈரம் எங்கே போகும்?

அதற்காகப் பூச்சே பாவம் என்றும் இல்லை. இதே மகாராஷ்டிராவில் சாவந்த்வாடியில் கஞ்சிஃபா சீட்டுகள் செய்கிறார்கள். வட்டமாக இருக்கும், தசாவதாரக் கட்டு என்றால் 120 சீட்டு. அதற்கு அரக்குப் பூச்சு உடம்போடு பிறந்தது. கை பட்டு விளையாடுகிற சாமான், பூச்சில்லாமல் நாலு ஆட்டம் தாங்காது. அமெரிக்காவில் பழைய பின்பால் மெஷின்களை வீட்டில் வைத்துப் பழுது பார்ப்பவர்களுக்கும் இதே தலைவலி. பலகை மேல் அச்சிட்ட படத்தை இரும்புக் குண்டு ஓடி ஓடித் தேய்க்கிறது. கார் பெயிண்ட் மாதிரி கெட்டியான கிளியர்கோட் அடித்தால் தேய்மானம் நிற்கும். ஆனால் அடிப்பதற்கு முன் பழைய மேல்பூச்சைத் தேய்க்க வேண்டும், அடித்த பிறகு திரும்ப எடுக்க முடியாது.

பாங்கில் லெட்ஜரில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, மேலே எழுதவும் கூடாது. ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி இனிஷியல் போட வேண்டும். பழைய எண் கீழே தெரிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

உப்புத்தாள் போட்டால் முதலில் போவது அப்பாவின் கோடுதான். கடைக்காரரிடம் பி.யு. வேண்டாமென்று சொல்லிவிட்டு, சட்டத்துக்கு மட்டும் ஸ்பிரிட் பாலிஷ் வாங்கி வந்தேன். அதே அவலரக்குதான்! மரச்சட்டம் தாங்கும். பலகையைக் காய்ந்த துணியால் துடைத்ததோடு சரி. பையன் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். அவன் நண்பர்களோடு ஆட ஒரு புது போர்டு வாங்கியாகிவிட்டது. பழையதில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மட்டும், பவுடர் கொஞ்சம் தாராளமாகப் போட்டு.