பூட்டிலிருந்து குமிழுக்கு: உலாவிச் சின்னம் ஒன்றின் வரலாறு

2023 செப்டம்பரில் வெளிவந்த குரோம் உலாவியின் 117ஆம் பதிப்பில், முகவரிப் பட்டையின் இடப்புறத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த பூட்டுச் சின்னம் நீக்கப்பட்டது. அவ்விடத்தில் இரண்டு கிடைக்கோடுகளும் ஒவ்வொன்றின்மேலும் ஒரு வட்டமும் கொண்ட வேறொரு சின்னம் வந்தமர்ந்தது. ஒலிக்கருவிகளில் நகர்த்தி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் வடிவம் அது. பலர் அதன் பொருள் அறியாமலே கடந்து செல்கின்றனர். பூட்டு போனதால் பாதுகாப்பும் போயிற்றென அஞ்சியோரும் உண்டு. அவ்வச்சத்திற்கு அடிப்படையில்லை. ஆயினும் இம்மாற்றம் வெறும் அலங்கார மாற்றமன்று.

இச்சின்னத்தின் தொடக்கம் பூட்டு அன்று, சாவி. 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் முதற்பதிப்பு வெளிவந்தபோது, இணைப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் சாளரத்தின் கீழ்மூலையில் முழுச்சாவியும், இல்லையெனில் உடைந்த சாவியும் தோன்றின. சாவியின் பற்களுக்கும் பொருள் இருந்தது: இரு பற்கள் வலுவான குறியாக்கத்தையும், ஒற்றைப்பல் வலுக்குறைந்ததையும் சுட்டின. அமெரிக்க அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் காரணமாக வெளிநாடுகளுக்கான பதிப்பில் 40 பிட் குறியாக்கமே அனுமதிக்கப்பட்டது. வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட 1995 ஆகஸ்டு மாதத்திலேயே, பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஒருவர் நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளை எட்டு நாள் இயக்கி அத்தகைய 40 பிட் மறைபொருள் ஒன்றை உடைத்துக் காட்டினார். ஒற்றைப்பல் சாவியின் அரசியலை அன்று எத்தனை பேர் கவனித்திருப்பர் என்பது ஐயத்திற்குரியது.

பின்னர் சாவியின் இடத்தைப் பூட்டு பிடித்தது. சிக்கலும் அங்கேயே தொடங்கியது. பூட்டு சொன்னது வழியைப் பற்றி மட்டுமே: பயனருக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தியை இடையிலுள்ளோர் படிக்கவியலாது என்பதே அதன் முழுப்பொருள். மக்கள் படித்ததோ வீட்டைப் பற்றி: இத்தளம் நேர்மையானது என்று. வங்கிகளும் வணிகத் தளங்களும் ‘பூட்டைப் பார்த்துவிட்டுக் கடவுச்சொல்லை இடுக’ என்று அறிவுறுத்தி அப்பிழையை ஊட்டி வளர்த்தன. 2006இல் தமீஜா, டைகர், ஹெர்ஸ்ட் ஆகியோர் 22 பேரிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ நான்கிலொருவர் முகவரிப் பட்டையையோ பாதுகாப்புச் சின்னங்களையோ பார்க்கவேயில்லை. அடுத்த ஆண்டுகளில் நிறுவனத்தின் பெயரைப் பச்சை நிறத்தில் காட்டும் உயர்நிலைச் சான்றிதழ்கள் வந்தன. 2019இல் குரோமும் பயர்பாக்ஸும் அவ்வடையாளத்தையும் பட்டையிலிருந்து அகற்றின.

பூட்டை வீழ்த்தியது அதன் வெற்றியே. 2015 இறுதியில் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு சான்றிதழ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் 68, குறியாக்கமற்ற தளங்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பற்றது’ எனக் குறித்தது. எச்டிடிபிஎஸ் விதியாயிற்று, மோசடித் தளங்களும் பூட்டை அணிந்துகொண்டன. பூட்டை மட்டும் நம்பவேண்டாம் என்று 2019இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. எச்சரிக்க நேர்ந்தது. 2021இல் கூகுள் மேற்கொண்ட ஆய்விலோ, பங்கேற்றோரில் 11 விழுக்காட்டினரே பூட்டின் சரியான பொருளை அறிந்திருந்தனர். கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்முன் இருந்த ஒரு குறிக்கு இது விந்தையான முடிவு.

இதற்கிணையாக இன்னொரு வரலாறும் நடந்தது. படிக்கப்படும் ஏடாக இருந்த வலைப்பக்கம், கேட்கும் பொருளாக மாறியது. 2009இல் பயர்பாக்ஸ் 3.5 வந்தபோது அது பயனரின் இருப்பிடத்தைக் கேட்டது. பின்னர் கேமராவையும் ஒலிவாங்கியையும் கேட்டது. 2015இல் குரோம் 42 வழியே, பக்கத்தை மூடிய பின்னும் அறிவிப்பு அனுப்பும் உரிமையைக் கேட்டது. 2016 முதல் குரோம், குறியாக்கமுள்ள தளங்களுக்கே இருப்பிடத்தைத் தந்தது. பூட்டின் வரலாறும் அனுமதியின் வரலாறும் கைகோத்த இடம் இது. ஆனால் கேள்விகள் மிகுந்ததும் கேட்போர் சலித்தனர். அறிவிப்பு வேண்டுகோள்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு ஏற்கப்படாமலே போவதை மொசில்லா 2019இல் கண்டது; 2020 தொடக்கத்தில் பயர்பாக்ஸ் அவற்றை ஒரு சிறு சின்னத்திற்குள் ஒடுக்கியது.

குமிழ்ச் சின்னம் இவ்விரு வரலாறுகளின் சந்திப்பு. அதை அழுத்தினால் இணைப்பின் பாதுகாப்பு நிலை முதலில் தெரியும். பூட்டு அங்கே உள்ளறைக்குச் சென்றுவிட்டது. அதன்கீழ் அத்தளத்திற்கு அளிக்கப்பட்ட கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம், அறிவிப்பு அனுமதிகள் நிலைமாற்றிகளோடு நிற்கும். தளம் சேமித்துவைத்த குக்கிகளுக்கும் முழுமையான தள அமைப்புகளுக்கும் அங்கிருந்தே வழியுண்டு. ‘இத்தளம் நம்பத்தக்கதா?’ என்ற பழைய வினாவுக்குப் பதிலாக, ‘இத்தளத்திற்கு என்னென்ன விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது?’ என்பது இப்போது வினா. நேர்மையான வினாதான். ஆனால் விடைகாணும் பொறுப்பு முழுவதும் பயனரின் தோளில் ஏற்றப்பட்டுவிட்டது.

குரோம் 117க்கு ஒரு மாதம் முன்னர், 2023 ஆகஸ்டில், இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இசைவை அளிப்பது எவ்வளவு எளிதோ, அதற்கு ஒப்ப எளிதாகவே திரும்பப் பெறவும் இயலவேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. சட்டம் பேசும் இசைவும் உலாவி கேட்கும் அனுமதியும் ஒன்றல்ல. எனினும் அவ்வளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அனுமதி கோரும் பெட்டி பக்கத்தின்மேல் தானே வந்து நிற்கிறது. திரும்பப் பெறும் வழியோ பெயர் எழுதப்படாத இரண்டு கோடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ‘இம்முறை மட்டும்’ என்னும் தெரிவும், நெடுநாள் செல்லாத தளங்களின் அனுமதிகளை உலாவியே விலக்கும் வசதியும் குரோமில் சேர்ந்தபின் அவ்விடைவெளி ஓரளவு குறைந்துள்ளது. நாள்தோறும் செல்லும் தளங்களுக்கு அவ்வசதி பயன்படாது. அங்கே என்றோ அளித்த நிலையான அனுமதி, அச்சின்னத்தை ஒருவர் திறந்து பார்க்கும்வரை செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது.