மாத்தளை ஓடையில் பிறந்த செடியும் நம் குளத்து றல்லியாவும்



சீகிரியாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்திக் கல்லைத்தான் பார்க்கிறார்கள். கல்லின் அடியில் கிடக்கும் நீரைக் கவனிப்பவர்கள் குறைவு. இன்று அந்த நீரோடு சேர்ந்த இரண்டு உயிர்களின் வரலாற்றை எழுதுகிறோம். ஒன்று செடி, மற்றது சிறு மீன். இரண்டும் நம் மண்ணுக்குச் சொந்தமானவை. ஆனால் நம் பிள்ளைகள் அந்தச் செடியை வெளிநாட்டுப் பெயரோடு கடையில்தான் முதன்முதலில் காண்கிறார்கள். மீனையோ காண்பதே இல்லை.

செடி நட்டு மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகள் இப்போது நம் வீட்டு முன் அறைகளுக்கும் வந்துவிட்டன. மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சேர், 'ராம்' மீன் வாங்கி விட்டோம், ஒரு மாதம்கூட நிற்கவில்லையே, ஏன்?" அதற்கான விடை நம் கிணற்றில் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் இங்கே கோட்டை கட்டியபோது, கல்லின் மேற்குப் பக்கம் நீர்த்தோட்டம் ஒன்றையும் அமைத்தான். அகழிகள், தடாகங்கள், நிலத்துக்கு அடியில் ஓடும் வாய்க்கால்கள், துளையிட்ட கல் தகடு வழியாகப் பீறிடும் நீரூற்றுகள். உயரத்தில் தேங்கிய நீரின் அழுத்தத்தைத் தவிர வேறு இயந்திரம் அவற்றுக்கு இல்லை. நல்ல மழைக்காலத்தில் அந்த ஊற்றுகள் இன்றும் எழுகின்றன. நீரை அழகுக்காகத் தேக்கிப் பார்த்து மகிழும் பழக்கம் இந்த மண்ணில் 1500 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. நம் பள்ளிவாசல் ஹவுளில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று மீன் விட்ட பெரியவர்களுக்கும் நீர், மீன், மனிதன் மூவருக்குமான கணக்குத் தெரிந்தே இருந்தது.

கண்ணாடித் தொட்டி பிறந்தது இங்கிலாந்தில். 1850இல் றொபர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர், தங்க மீன்களையும் நீர்ச் செடியையும் நத்தைகளையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்து, அவை ஒன்றையொன்று வாழ வைப்பதை எழுதினார். மீனின் கழிவு செடிக்கு உணவு, செடி விடும் ஒட்சிசன் மீனுக்கு மூச்சு, அழுகும் இலை நத்தைக்குத் தீனி. செடி நட்ட தொட்டி ஒவ்வொன்றும் இன்றுவரை இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. அந்தப் பழக்கம் ஐரோப்பாவில் பரவியபோது, அங்கே ஒரு தேவை எழுந்தது: குறைந்த வெளிச்சத்தில், நீருக்குள் மூழ்கியபடி வாழக்கூடிய செடி. அது கிடைத்த இடங்களில் நம் மாவட்டமும் ஒன்று.

கோப்பித் தோட்டக் காலம் அது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக நடந்த காலம். அப்போது இலங்கையில் தோட்டத்துரையாக இருந்த நெய்லர் பெக்கெட், தாவரங்கள் சேகரிப்பதில் ஈடுபாடு கொண்டவர். மாத்தளைப் பக்கத்தில் அவர் எடுத்த ஒரு சிறு நீர்ச் செடி பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போனது. அங்கே பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸ் அதற்குப் பெக்கெட்டின் பெயரை வைத்தார். அவருக்குப் பின் வந்த ட்ரைமன் 1885இல் அந்தப் பெயரை முறைப்படி வெளியிட்டார். அதுதான் கிரிப்டோகோரைன் பெக்கெட்டி. 1958இல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட் பெயரிட்ட கிரிப்டோகோரைன் வென்டியும் இலங்கைச் செடிதான். வென்ட் என்பவர் மீன்தொட்டிச் செடிகளைப் பற்றி எழுதிய ஜேர்மனியர். இன்று உலகில் அதிகம் விற்கும் தொட்டிச் செடிகளுள் அதுவும் ஒன்று. செடி நம்முடையது. பெயர்களில் ஒன்று துரையுடையது, மற்றது தம் நாட்டுத் தொட்டியில் அதைப் பார்த்தவருடையது.

இப்போது மீனுக்கு வருவோம். கடையில் 'ராம்' என்று விற்பது தென்னமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து மீன். 1948இல் விஞ்ஞானப் பெயர் பெற்றது. குள்ளச் சிக்லிட் வகையைச் சேர்ந்தது. அது பழகியது உப்பு மிகக் குறைந்த மென்னீருக்கு. நம் உலர் வலயக் கிணற்று நீரோ வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். மாணவர்கள் கேட்ட கேள்விக்கு முக்கியமான விடை இதுதான். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, ஊர் மாறிய மீன் அது.

நமக்குச் சொந்தமான சிக்லிட் இல்லையா? உண்டு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சிக்லிட் இனங்கள் மூன்றே. அவற்றுள் இரண்டு இலங்கையில் வாழ்கின்றன. பெரியது கொரலியா, கேரளத்தார் கரிமீன் என்று பொரித்து உண்பது. சிறியதைச் சிங்கள அயலவர்கள் றல்லியா அல்லது கஹ கொரலியா என்பார்கள். மஞ்சள் உடல், பக்கத்தில் ஒரு கரும்பொட்டு, 8 சென்ரிமீற்றர் அளவு. 1795இல் பேர்லினில் இருந்த புளொக் என்ற வைத்தியர் இதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டார். இவற்றின் நெருங்கிய உறவு மீன்கள் மடகஸ்காரில் இருக்கின்றன.

றல்லியா களப்பின் உப்பையும் தாங்கும், குளத்து நன்னீரிலும் வாழும். நம் வன்னீர் அதற்குப் பிரச்சினையே இல்லை. சோடி சேர்ந்தால் தாயும் தந்தையும் மாறி மாறி முட்டையைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். இதை 1960களில் விஞ்ஞானிகள் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி வகுப்பில் பேச இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த வரலாற்றுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1990களில் அமெரிக்காவின் டெக்ஸாஸில், சான் மார்க்கோஸ் என்ற ஆற்றில் பெக்கெட்டிச் செடி பரவத் தொடங்கியது. சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் ஆறு அது. யாரோ தொட்டியைக் கழுவி ஊற்றியிருக்க வேண்டும். அந்த ஆற்றில் மட்டுமே வாழும் அரிய காட்டு நெல்லுக்கு அது ஆபத்தானதால், அரசாங்கம் ஆளிறக்கிப் பிடுங்க வேண்டியதாயிற்று. மாத்தளைச் செடி அங்கே களையானது. மறுபக்கம், 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நம் குளங்களை நிறைத்திருக்கிறது. அது பலருக்குச் சோறு போடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'டேங்க் கிளீனர்' என்று வாங்கும் தென்னமெரிக்க மீன் பெரிதானதும் குளத்தில் விடப்படுகிறதே, அதனால் யாருக்கு என்ன பயன்? அது குளக்கரையைத் துளைத்துக் குழி பறிக்கும் மீன்.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்லும் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அடைத்து வைத்த உயிருக்கு நாமே பொறுப்பு. வளர்த்து அலுத்ததைக் குளத்தில் கொட்டுவது அந்தப் பொறுப்பிலிருந்து தப்புவது. இரக்கம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. ஆகவே உறவுகளிடம் மூன்று வேண்டுகோள்கள். தொட்டி மீனையும் செடியையும் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள், வேண்டாதவற்றைக் கடைக்கோ வளர்க்கும் இன்னொருவருக்கோ கொடுங்கள். காட்டு ஓடைகளில் செடி பிடுங்காதீர்கள். ஒரு கன்று இருந்தாலே அது ஓடுதண்டு விட்டுத் தொட்டியில் பெருகும், கேட்பவருக்குக் கொடுக்கலாம். அடுத்த முறை மீன் வாங்கும்போது ராமைத் தேடாமல், வளர்ப்பவர்களிடம் றல்லியாக் குஞ்சு கிடைக்குமா என்று கேளுங்கள்.

கடைசியாக நம் மூத்தவர்களிடம் ஒரு கேள்வி. துரைக்குப் பெயர் இருக்கிறது, ஜேர்மனியருக்குப் பெயர் இருக்கிறது. குளத்தில் தூண்டில் போட்ட காலத்தில் நம் ஊர்ப் பேச்சில் இந்த மஞ்சள் மீனை என்ன சொல்லி அழைத்தீர்கள்? வாப்பாமாரிடமும் மூத்தவாப்பாமாரிடமும் கேட்டு எழுதுங்கள். வகுப்பறைச் சுவரில் றல்லியாவின் படத்தை ஒட்டி, அதன் கீழே அந்தப் பெயரை எழுதி வைக்கக் காத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.