சமைப்பவர் யார்? புணே நகரத்துப் பந்தியின் வரலாறு

திருமணம் நிச்சயமானதும் இன்றைய புணேயில் முதலில் தேடப்படுவது 'மங்கள கார்யாலயம்' எனப்படும் திருமண மண்டபம். அடுத்தது சமையல். பல மண்டபங்களில் இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் அடங்கிவிடுகின்றன. தட்டு ஒன்றுக்கு விலை என்ன, மசாலே பாத்தும் ஜிலேபியும் மட்டாவும் அந்த விலைக்குள் வருமா, எதிர்பார்த்ததைவிட நூறு பேர் கூடுதலாக வந்தால் சமாளிக்க முடியுமா என்பனவே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கும் கேள்விகள். ஆனால் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பு இதே நகரத்தில் இவை எவையும் முதற்கேள்வியாக இருக்கவில்லை. அன்று எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்கப்பட்டது ஒன்றுதான்: சமைப்பவர் யார்?

அக்கேள்விக்குப் பின்னால் ஒரு முழுமையான சமூக ஒழுங்கு இருந்தது. தமிழ்நாட்டு வைதிக வீடுகளில் 'மடி' என்று வழங்கியதை மராத்தியர் 'சோவளே' என்றனர். குளித்து, தனியாக உலர்த்திய ஆடை உடுத்தி, பிறர் தொடாமல் சமைக்க வேண்டும். அவ்வாறு சமைத்த உணவே சடங்குக்கு உரியது. சமைப்பவரின் சாதி, உண்பவரின் சாதிக்குத் தாழ்ந்ததாக இருத்தல் கூடாது. ஆகவே பெரிய விருந்துகளில் பிராமணச் சமையற்காரரை அமர்த்துவதே எல்லோருக்கும் ஏற்ற வழியாகக் கருதப்பட்டது. அவர் கையால் சமைத்ததை எவரும் மறுக்க மாட்டார். இங்கே சமையற்காரரின் கைப்பக்குவம் இரண்டாம் இடத்தையே பெற்றது. பிறப்பே முதல் தகுதி. மராத்தியிலும் இந்தியிலும் சாதி உறவைக் குறிக்க 'ரொட்டி–பேட்டி வியவகாரம்' என்றொரு தொடர் உண்டு. ரொட்டி என்பது உடனுண்ணல். பேட்டி என்பது மகளைக் கொடுத்தலும் கொள்ளுதலும். திருமண விருந்தில் இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே பந்தலின் கீழ் நிகழ்கின்றன. எனவேதான் சாதியின் காவல் அந்தப் பந்தலில் மிகக் கடுமையாக இருந்தது.

பேஷ்வாக்களின் தலைநகராக இருந்த காலத்திலிருந்தே புணேயில் உணவும் அரசும் சமயமும் பின்னிப் பிணைந்திருந்தன. ஆவணி மாதத்தில் பார்வதிக் குன்றின் அருகே கூடிய பிராமணர்களுக்குப் பேஷ்வாக்கள் உணவும் தட்சிணையும் வழங்கினர். 1818இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியபின் தட்சிணைப் பணத்தின் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பியது. 1821இல் தொடங்கப்பட்ட சமஸ்கிருதக் கல்லூரி அதன் விளைவு. ஆட்சி மாறினாலும் பந்தியின் விதி மாறவில்லை. யாருடன் உண்பது என்பதைக் கும்பினி அரசு தீர்மானிக்கவில்லை. அந்த அதிகாரம் சாதிச் சபைகளிடமும் மடங்களிடமுமே இருந்தது.

அந்த அதிகாரத்தை அடிப்படையிலேயே மறுத்தவர் ஜோதிராவ் புலே. 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். 1873 செப்டம்பர் 24 அன்று சத்தியசோதக் சமாஜத்தை நிறுவினார். அதே ஆண்டு டிசம்பரில் சமாஜத்தின் முதல் திருமணம் புரோகிதர் இன்றி நடந்தது. ஆடம்பர விருந்தும் அங்கே இல்லை. செலவு ஏறத்தாழ வெற்றிலை பாக்கு அளவில் நின்றது. இதைச் சிக்கனம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. புரோகிதர் இல்லாத மணம் கடன்படாத மணமாகவும் இருக்க வேண்டும் என்பது புலேயின் நோக்கம். விருந்தே சுருங்கிவிட்ட இடத்தில், சமைப்பவர் யார் என்ற கேள்வியும் தன் வலுவை இழந்தது.

மேல்சாதிச் சீர்திருத்தக்காரர்களின் வழி வேறாக இருந்தது. 1849இல் பம்பாயில் தோன்றிய பரமஹம்ச மண்டலியின் உறுப்பினர்கள் சாதி மறுப்பின் அடையாளமாகப் பிற சாதியார் சமைத்த உணவை உண்டனர். ஆனால் அதை மறைவாகச் செய்தனர். 1860இல் அதன் ஆவணங்கள் திருடுபோய்ப் பெயர்கள் வெளிப்படும் நிலை வந்ததும் அமைப்பே கலைந்துபோனது. கொள்கையில் துணிவும் பந்தியில் அச்சமும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடும் என்பதற்கு அது முதற்சான்று.

இரண்டாவது சான்று புணேயிலேயே கிடைத்தது. 1890 அக்டோபரில் பஞ்ச ஹௌத் கிறித்தவ மிஷன் வளாகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நகரத்தின் படித்த பெருமக்கள் பலர் வந்திருந்தனர்; நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, பால கங்காதர திலகர், இளைஞரான கோபாலகிருஷ்ண கோகலே ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். கூட்டத்தின் முடிவில் தேநீரும் பிஸ்கத்தும் வழங்கப்பட்டன. சிலர் அருந்தினர், சிலர் மரியாதைக்காகக் கோப்பையைக் கையில் வாங்கி வைத்துவிட்டனர். சில நாள்களில் வந்திருந்தோரின் பெயர்ப்பட்டியல் 'புணே வைபவ்' இதழில் வெளிவந்தது. அதை வெளிக்கொணர்ந்தவர் கோபாலராவ் ஜோஷி. அமெரிக்காவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற ஆனந்திபாயின் கணவர். நகரம் கொந்தளித்தது. வழக்குச் சங்கராச்சாரியார் வரை சென்றது. விசாரணைக்குச் சாஸ்திரிகள் அனுப்பப்பட்டனர்.

'கிராமண்யம்' எனப்பட்ட இவ்வகைச் சாதி விலக்கின் தண்டனைக்குச் சிறையோ அபராதமோ தேவைப்படவில்லை. விலக்கப்பட்டவர் வீட்டுக்குப் புரோகிதர் வரமாட்டார். விருந்துக்கு உறவினர் வரமாட்டார். அவர்களுடைய பந்தியில் இவருக்கு இலை விழாது. மகளுக்கு மணம் பேச வேண்டிய வீட்டில் அதன் பொருள் என்ன என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. புகுந்த வீட்டிலிருக்கும் பெண், தாய்வீட்டுக்கு வந்து ஒருவேளை உண்ணவும் தயங்க வேண்டியிருந்தது. ஆண்கள் குடித்த தேநீருக்கான விலையைப் பெண்களே பெரிதும் கொடுத்தனர்.

திலகர் சாஸ்திர நூல்களைக் கொண்டே வாதாடினார். காசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டதாகவும் கூறினார். அப்படியும் அவர் வீட்டுச் சடங்குகளுக்குப் புரோகிதர் கிடைப்பது சில காலம் அரிதாகவே இருந்தது. ரானடே குற்றம் இழைத்ததாகக் கருதவில்லை. ஆயினும் நண்பர்களின் குடும்பங்கள் படும் இக்கட்டைக் கண்டு 1892இல் பிராயச்சித்தத்துக்கு இசைந்தார். அவருடைய மனைவி ரமாபாய் பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் அந்த முடிவு தமக்கு அளித்த வருத்தத்தை மறைக்கவில்லை. நாட்டின் அரசியலை நடத்தத் தகுதி பெற்ற இரு பெரியவர்களும் ஒரு கோப்பைத் தேநீர் முன் பணிய நேர்ந்தது. அவர்களின் அறிவுக்கு அது இழுக்கன்று. பந்தியின் வலிமைக்கு அது அளவுகோல்.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்ட செய்தி 1924–25இல் பெரும்புயலாயிற்று. பெரியார் காங்கிரசை விட்டு விலகியதற்கான பின்னணியில் அந்தச் சமையலறைக்கும் இடமுண்டு. புலேயின் வழியில் நிகழ்ந்தது போலவே இங்கும் புரோகிதரற்ற சுயமரியாதைத் திருமணங்கள் எழுந்தன. 1967இல் அண்ணா ஆட்சியில் அவற்றுக்குச் சட்ட ஏற்பும் இயற்றப்பட்டது.

உணவகமும் இரயிலும் தொழிற்சாலை உணவறையும் வந்தபின் அன்றாட உணவில் சமைப்பவரைக் கேட்கும் வழக்கம் தேய்ந்தது. 'ரொட்டி' பெருமளவு விடுதலை பெற்றது. ஆனால் அதனால் மட்டும் சாதி அழியாது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எச்சரித்தார். உடனுண்ணல் போதாது, கலப்பு மணமே மருந்து என்பது அவர் வாதம். பிற்கால வரலாறு அவர் பக்கமே நிற்கிறது.

'ரொட்டி'யின் விடுதலையும் முழுமையடையவில்லை. 2017 செப்டம்பரில் இதே புணேயில், வீட்டுச் சடங்குச் சமையலுக்கு வந்த பெண் தம் சாதியை மறைத்துவிட்டார் என்று காவல்நிலையத்தில் புகார் அளிக்கப்பட்டது, வழக்கும் பதிவாயிற்று. எதிர்ப்புகள் எழுந்தன, சில நாள்களில் புகார் திரும்பப் பெறப்பட்டது. அவர் சமைத்த உணவில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. 1890இல் சங்கராச்சாரியாரிடம் சென்ற கேள்வி, 127 ஆண்டுகளுக்குப் பின் காவல்நிலையத்துக்குச் சென்றது என்பதே வேறுபாடு.

இன்று மங்கள கார்யாலயத்தின் பின்கட்டில் அடுப்பருகே நிற்பவரின் ஊரும் பேரும் விருந்தினருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவை இல்லாமற்போனதே ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் அமைதியான வெற்றி. ஆனால் அந்த அறியாமை சமத்துவமாகிவிடாது. பெயர் தெரிந்த பின்னும் இலையின் முன் தயக்கமின்றி அமரும் நாளில்தான், விலையும் சுவையும் மட்டுமே சமையற்காரரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள் என்று மெய்யாகச் சொல்ல முடியும்.