துபையில் வீடு வாங்குமுன் கவனிக்க வேண்டிய சட்ட நடைமுறைகள்

பல ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் துபையிலேயே ஒரு பிளாட் வாங்க நம்மில் பலர் விரும்புகிறார்கள். ஊரில் சொத்து வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்ப்போம். அங்கே அந்தச் சோதனைகள் வேறு வடிவில் உள்ளன. அவற்றை முடிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. முக்கியமானவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. எந்தப் பகுதி?
2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டப்படி, வளைகுடா நாடுகளைச் சேராத வெளிநாட்டவர் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டுமே வாங்க முடியும். துபை மரீனா, இன்டர்நேஷனல் சிட்டி ஆகியவை அத்தகையவை. கிடைப்பது ஃப்ரீஹோல்ட் எனும் முழு உரிமையா, 99 ஆண்டு வரையிலான குத்தகையா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

2. விற்பவர் உண்மையான உரிமையாளரா?
துபை நிலத்துறையின் 'துபை ரெஸ்ட்' செயலியில் பத்திரத்தைச் சரிபார்க்கலாம். வங்கி அடமானம், சர்வீஸ் சார்ஜ் பாக்கி உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். தரகர் உரிமம் பெற்றவரா என்பதும் முக்கியம்.

3. கட்டி முடியாத கட்டடமா?
2007-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டப்படி, வாங்குவோர் தரும் பணம் அந்தத் திட்டத்திற்கென உள்ள எஸ்க்ரோ வங்கிக் கணக்கில்தான் சேர வேண்டும். தரகரின் கணக்கிலோ ரொக்கமாகவோ கட்டாதீர்கள். ஒப்பந்தம் நிலத்துறையின் இடைக்காலப் பதிவேட்டில் ஏறியதா என்று உறுதி செய்யுங்கள்.

4. பதிவு
கட்டி முடிந்த வீடாயின், விற்பனை ஒப்பந்தத்திற்குப் பின் கட்டட நிறுவனத்திடம் என்.ஓ.சி. பெற வேண்டும். பிறகு பதிவு அலுவலகத்தில் பெயர் மாற்றம் நடக்கும். பதிவுக் கட்டணம் விலையில் 4%. நடைமுறையில் பெரும்பாலும் வாங்குபவரே இதைக் கட்டுகிறார். தரகுக் கூலி தனி. உங்கள் பெயரில் பத்திரம் வந்த பிறகே வீடு உங்களுடையது.

5. இந்தியாவிலிருந்து பணம் அனுப்பினால்
ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி வழியாக அனுப்பலாம். உண்டியலில் அனுப்புவது ஃபெமா சட்டத்தை மீறுவதாகும்.

வளைகுடாவில் வசித்தபோது அங்கே சம்பாதித்து வாங்கிய வீட்டை ஊர் திரும்பிய பிறகும் வைத்திருக்கலாம். ஆனால் வரிச் சட்டப்படி சாதாரண குடியிருப்பாளர் ஆனபின், வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியாக வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் செலுத்த நேரிடலாம்.

6. யார் பெயரில்?
அண்ணன் தம்பிகள் சேர்ந்து பணம் போட்டு, துபையில் இருக்கும் ஒருவர் பெயரில் பதிவு செய்வது நம் குடும்பங்களில் சாதாரணம். அவர் மரணித்துவிட்டால் நீதிமன்றத்தின் வாரிசு உத்தரவுப்படி சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெயர் இல்லாத சகோதரர் தம் பங்கை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பலர் பெயரிலும் அவரவர் பங்கைக் குறித்துப் பதிவு செய்ய வழி உண்டு. அதைப் பயன்படுத்துவோம். கொடுத்த தொகைகளையும் எழுதி, சாட்சிகளுடன் கையெழுத்திட்டு வைப்போம். பிள்ளைகளின் காலத்தில் உறவு முறியாமல் இருக்க அது உதவும்.

பெரிய தொகை என்பதால், கையெழுத்திடுமுன் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டிவிடுவது நல்லது.