ஆறு பேர், ஆறு சைக்கிள்

போன ஞாயிறு நானும் நண்பனும் பையைக் கட்டிக்கொண்டு சிவகாசியிலிருந்து செண்பகத்தோப்புக்கு சைக்கிளில் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையடிவாரம் நெருங்கும்போது, "போதும்டா" என்று திரும்பிவிட்டான். எனக்குச் செம கோபம்.

அன்றிரவு படித்தது இது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். (நம்மூரில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய அதே வருடம்!) சினாய் பாலைவனம், ஆல்ப்ஸ் மலை எல்லாம் தாண்டி, சுமார் 71,000 கிலோமீட்டர் முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பியது ஹக்கிம், பாபசோலா, பும்காரா மூவர் மட்டுமே. 1931-ல் பயணத்தைப் புத்தகமாக எழுதியதும் இவர்கள்தான்.

வழியில் விலகியவர்கள் ஹத்திராம், கபாடியா, போச்கானாவாலா. இந்தப் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களும் மிதித்தவர்கள்தானே?

காலையில் முதல் வேலையாக நண்பனுக்குப் போன் போட்டேன்.